ஈறில் ரத்தம் வந்தால் என்ன செய்வது: பல் சுத்தத்தை முதலிலிருந்து தொடங்குபவர்களுக்கு

பல் தேய்த்துத் துப்பும்போது லேசாகச் சிவப்பு தெரிந்தால் பலரும் அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள், இல்லாவிட்டால் பேஸ்டை மாற்றுகிறார்கள். இரண்டாலும் பயன் இல்லை. நான் ஈறு நோய்க்குச் சிகிச்சை எடுத்து முடித்திருக்கிறேன். சிகிச்சையைத் தாங்கிக்கொள்வது கஷ்டமாக இல்லை. எதை முதலில் செய்வது, எந்தத் தாள்களைக் கொண்டுபோவது, பணத்தை எப்போது பேசுவது, ஒவ்வொரு கட்டத்துக்கும் எத்தனை நாள் ஆகும் என்று எடுத்துச் சொல்ல ஆளில்லாததுதான் கஷ்டமாக இருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சொத்தைப் பல் ஏதோ ஒரு கட்டத்தில் வலித்துக் காட்டிக்கொடுத்துவிடும். ஈறு நோய் பெரும்பாலும் வலிக்காது. பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்து பல் ஆடத் தொடங்கும்வரைகூட அது தெரியாமலே இருக்கும். கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்ப வளர்வதில்லை. ஆகவே "வலிக்கவில்லையே" என்று நாளைத் தள்ளாதீர்கள்.

1. முதலில் கண்ணாடி முன் நின்று பாருங்கள்

நல்ல வெளிச்சத்தில் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஆரோக்கியமான ஈறு பல்லை இறுக்கமாக ஒட்டியிருக்கும், தேய்த்தால் ரத்தம் வராது. ஈறு தடித்து, பளபளவென்று சிவந்து, தொட்டாலே கசிந்தால் அங்கே அழற்சி இருக்கிறது. கீழ் முன்பற்களின் உள்பக்கத்தை நாக்கால் தடவுங்கள். சொரசொரப்பாகக் கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால் அது காரை.

காரை வருவதற்கு முன்னால் வருவது மெல்லிய, பிசுபிசுப்பான படலம். பல் தேய்த்த சில மணி நேரத்திலேயே கிருமிகள் பல்லின் மேல் மறுபடியும் ஒட்டிப் படலமாகத் தொடங்கிவிடும். அந்த நிலையில் பிரஷ்ஷால் அதை எடுத்துவிடலாம். விட்டுவைத்தால் எச்சிலில் இருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து, ஓரிரு நாளிலேயே இறுகத் தொடங்குகிறது. இறுகிய பிறகு எந்தப் பேஸ்டாலும் எந்தப் பொடியாலும் அது வராது, மருத்துவர்தான் எடுக்க வேண்டும். ஊசியாலோ பிளேடாலோ வீட்டில் சுரண்டிப் பார்க்காதீர்கள். பல்லும் ஈறும் இரண்டுமே காயப்படும்.

ஈறில் மட்டும் அழற்சி இருந்தால் அது முழுதாகக் குணமாகக்கூடியது. காரை இல்லாத இடத்தில் ஒழுங்காகச் சுத்தம் செய்யத் தொடங்கினால் ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தம் நிற்பது உங்களுக்கே தெரியும். ஆகவே ரத்தம் வரும் இடத்தைத்தான் கூடுதல் கவனத்தோடு, மென்மையாகத் தேய்க்க வேண்டும். இரண்டு வாரம் கழிந்தும் நிற்கவில்லையா? படி 4-க்குப் போய்விடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. புகை பிடிப்பவர்களுக்கு ஈறு நோய் இருந்தாலும் ரத்தம் அவ்வளவாக வராது, ஏனென்றால் புகையிலை ஈறின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. நீங்கள் புகைப்பவர் என்றால் ரத்தம் வரவில்லை என்பதை நம்பி இருக்காதீர்கள். நேரே மருத்துவரிடம் போவதே சரி.

2. பிரஷ், பேஸ்ட்: எதைப் பார்த்து வாங்குவது

இதற்கு அதிகம் செலவழிக்கத் தேவையில்லை. பிரஷ்ஷில் மென்மையான முடி, கடைவாய்ப் பல்வரை போகிற சிறிய தலை, இவை போதும். கடினமான பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்தால் ஈறு கீழிறங்கி வேர் வெளியே தெரியும், கூச்சம் வரும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், முடி விரிந்துவிட்டால் அதற்கு முன்பே. மின்சார பிரஷ் நல்ல உதவிதான், கைநடுக்கம் அல்லது மூட்டுவலி உள்ளவர்களுக்குக் குறிப்பாக. ஆனால் அது இல்லாமலே சுத்தமாக வைத்துக்கொள்ள முடியும்.

பேஸ்டில் பார்க்க வேண்டியது ஃப்ளூரைடு அளவு. பெரியவர்களுக்கு 1000 முதல் 1500 பிபிஎம் வரை இருக்க வேண்டும், அட்டையில் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். 3 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசி மணி அளவு, 3 முதல் 6 வயதுவரை பட்டாணி அளவு பேஸ்ட் போதும். சுமார் 7 வயதுவரை பெரியவர் ஒருவர் தேய்த்துவிட வேண்டும், அல்லது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். வெண்மையாக்கும் பேஸ்ட், கரித்தூள் கலந்த பேஸ்ட் ஆகியவற்றுக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். சொரசொரப்பான தூள் நாளடைவில் எனாமலைத் தேய்த்துவிடும், தேய்ந்த எனாமல் மறுபடி வளராது.

மவுத்வாஷ் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். தேய்ப்பதற்கு அது மாற்று ஆகாது. குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிக்கொல்லி உள்ள மவுத்வாஷை மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். தொடர்ந்து மாதக்கணக்கில் கொப்பளித்தால் பல் பழுப்பேறும், நாக்கின் ருசி மாறும். பேஸ்டின் நுரைக்கும் பொருள் அதன் வேலையைக் கெடுக்கக்கூடும் என்பதால் பல் தேய்த்து அரை மணி நேரமாவது கழித்துக் கொப்பளியுங்கள்.

3. தேய்க்கும் முறை, நேரம், பல் இடுக்கு

காலையில் ஒருமுறை, இரவு படுக்கப்போகும் முன் ஒருமுறை, ஒவ்வொரு தடவையும் 2 நிமிடம். ஒன்றைத்தான் ஒழுங்காகச் செய்ய முடியும் என்றால் இரவைத் தேர்ந்தெடுங்கள். தூங்கும்போது எச்சில் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடும். அமிலத்தை நீர்த்துப்போகச் செய்து பல்லைக் காப்பாற்றுவது எச்சில்தான். அது குறைந்திருக்கும் அந்த ஏழெட்டு மணி நேரம் கிருமிகளுக்கு வசதியான நேரம்.

பிரஷ்ஷைப் பல்லும் ஈறும் சேரும் கோட்டில், ஏறத்தாழ 45 டிகிரி சாய்த்து வையுங்கள். முடியின் நுனி ஈறின் விளிம்புக்குள் லேசாக நுழைய வேண்டும். இரண்டு மூன்று பற்களாக எடுத்துக்கொண்டு, சின்னச் சின்ன அசைவாக ஆட்டிவிட்டு அடுத்த இடத்துக்கு நகருங்கள். வெளிப்பக்கம், உள்பக்கம், மெல்லும் பரப்பு, கடைசிப் பல்லின் பின்பக்கம் என்று ஒரே வரிசையில் தினமும் போனால் எதுவும் விட்டுப்போகாது. முடிந்ததும் நுரையைத் துப்புங்கள், ஆனால் தண்ணீர் விட்டு முழுதாகக் கொப்பளிக்க வேண்டாம். பல்லில் ஃப்ளூரைடு கொஞ்ச நேரம் தங்கட்டும். பலருக்கும் இது புதிதாக இருக்கும், ஒரு வாரத்தில் பழகிவிடும்.

புளிப்பாக ஏதாவது குடித்த பிறகோ வாந்தி எடுத்த பிறகோ உடனே தேய்க்காதீர்கள். அமிலத்தால் எனாமல் இளகியிருக்கும். தண்ணீரால் வாயை அலசிவிட்டு, குறைந்தது அரை மணி நேரம் கழித்துத் தேய்க்கலாம்.

சரி, இப்போது பல் இடுக்கு. ஈறு நோயும் இடுக்குச் சொத்தையும் தொடங்குவது பெரும்பாலும் இங்கேதான், பிரஷ் போகாத இடமும் இதுதான். இடைவெளி இறுக்கமாக இருந்தால் பல்லிடை நூல். கொஞ்சம் இடைவெளி இருந்தால் பாட்டில் கழுவும் பிரஷ்ஷின் குட்டி வடிவம்போல் இருக்கும் பல்லிடை பிரஷ். ஈறு ஏற்கெனவே இறங்கியவர்களுக்கு நூலைவிட இந்தப் பிரஷ்தான் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் அளவு சரியாக இருக்க வேண்டும். இடுக்குக்குள் லேசான உரசலோடு போக வேண்டும், அழுத்தித் திணிக்கக் கூடாது. ஒரே வாயில் இரண்டு அளவு தேவைப்படுவது சகஜம். கண்டபடி வாங்கிக் காசை விடுவதற்குப் பதில், மருத்துவரிடம் போகும்போது அளவைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் சில நாட்கள் ரத்தம் வரும், நிறுத்திவிடாதீர்கள். குச்சியால் குத்துவது இதற்கு ஈடாகாது, ஈறைத்தான் கிழிக்கும்.

இனிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. எவ்வளவு என்பதைப்போலவே எத்தனை தடவை என்பதும் முக்கியம். ஒவ்வொரு முறை சர்க்கரை வாய்க்குள் போகும்போதும் கிருமிகள் அமிலம் உண்டாக்குகின்றன. வாயின் பிஹெச் (எண் குறைந்தால் அமிலம் அதிகம் என்று அர்த்தம்) சுமார் 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் அதைச் சரிசெய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். நாள் முழுக்க இனிப்புப் பானத்தை உறிஞ்சிக்கொண்டே இருந்தால் பல்லுக்கு அந்த ஓய்வு கிடைப்பதே இல்லை.

4. மருத்துவரிடம் போகும் முன் கோப்பு ஒன்று தயார் செய்யுங்கள்

பல் மருத்துவரிடம்தானே போகிறோம், உடம்பு விவரம் எதற்கு என்று தோன்றும். இதுதான் ஆட்களை இரண்டு தடவை அலைய வைக்கிறது. வாயும் உடம்பும் தனித்தனி இல்லை. ஈறில் நாள்பட்ட அழற்சி இருந்தால் அதன் விளைவுகள் ரத்தம் வழியாக உடம்பு முழுவதும் போகின்றன. உடம்பில் உள்ள நோயும் மருந்தும் ஈறில் தெரிகின்றன. எனவே கீழே உள்ளவை கையில் இருக்கட்டும்.

மருந்துப் பட்டியல்: பெயர், அளவு, எத்தனை நாளாக என்று முழுமையாக எழுதுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை இருந்தால் கண்டிப்பாகச் சொல்லுங்கள், ஆனால் பல் சிகிச்சைக்காக நீங்களாகவே அதை நிறுத்திவிடாதீர்கள். பெரும்பாலான பல் சிகிச்சைகளை அதை நிறுத்தாமலே செய்ய முடியும், முடிவு இரண்டு மருத்துவர்களும் பேசி எடுக்க வேண்டியது. எலும்புத் தேய்மானத்துக்கான சில மருந்துகள் எடுப்பவர்களுக்குப் பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. அரிதுதான், ஆனாலும் முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். ரத்த அழுத்தத்துக்குத் தரும் அம்லோடிபின், நிஃபெடிபின், வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின் ஆகியவை சிலருக்கு ஈறை வீங்க வைக்கும். ஒவ்வாமை, மன அழுத்தம் போன்றவற்றுக்கான பல மருந்துகள் வாயை உலர வைக்கும், உலர்ந்த வாயில் சொத்தை வேகமாக வரும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு: கடைசியாக எடுத்த எச்பிஏ1சி அறிக்கை (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை). கட்டுப்பாடில்லாத சர்க்கரை ஈறு நோயை மோசமாக்குகிறது, ஈறு நோய் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்குகிறது. ஈறுக்கு முறையான சிகிச்சை எடுத்தவர்களுக்கு மூன்று நான்கு மாதத்தில் எச்பிஏ1சி சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி அளவில் குறைவதாக ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. இது சின்ன எண்ணாகத் தெரியலாம். சர்க்கரையோடு போராடுகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். காலை நேரமாக முன்பதிவு கேளுங்கள், வழக்கம்போல் சாப்பிட்டு மருந்தையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

இதய நோய் உள்ளவர்களுக்கு: சிகிச்சை விவரம். செயற்கை வால்வு வைத்தவர்கள், இதய உள்ளுறையில் முன்பு தொற்று வந்தவர்கள், சில வகைப் பிறவி இதயக் கோளாறு உள்ளவர்கள் ஆகியோருக்குச் சுத்தம் செய்யும் முன்பே ஒரு டோஸ் ஆன்டிபயாடிக் தேவைப்படலாம். இதைச் சொல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிடாதீர்கள். ஈறு நோய் இருப்பவர்களிடம் இதய நோயும் அதிகமாகக் காணப்படுகிறது என்பது உண்மை. ஆனால் ஈறைச் சரிசெய்தால் மாரடைப்பு வராது என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்ப வேண்டாம், அப்படி நிரூபிக்கப்படவில்லை.

கர்ப்பமாக இருந்தால்: எத்தனையாவது மாதம் என்பதைச் சொல்லுங்கள். ஹார்மோன் மாற்றத்தால் ஈறு வீங்கி ரத்தம் வருவது அந்தச் சமயத்தில் அதிகம். பிரசவம்வரை தள்ளிப்போட வேண்டும் என்ற எண்ணம் தவறு. சுத்தம் செய்வது பாதுகாப்பானதே, நான்காவது முதல் ஆறாவது மாதம்வரை உட்கார்வதற்கும் வசதியாக இருக்கும்.

இவற்றோடு பழைய பல் எக்ஸ்ரே, முந்தைய சிகிச்சை ரசீது, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாது என்றால் அந்த விவரம், அடையாள அட்டை, இன்சூரன்ஸ் அட்டை. கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தாலும் போதும்.

வீட்டில் படுக்கையில் இருக்கும் முதியவர் இருந்தால் அவருக்காகவும் கேட்டுக்கொண்டு வாருங்கள். விழுங்கும் சக்தி குறைந்தவர்களுக்கு வாயில் உள்ள கிருமிகள் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரக்கூடும். தினமும் வாயைச் சுத்தம் செய்தால் அந்த ஆபத்து குறையும். பல்செட்டை இரவில் கழற்றி, தேய்த்துக் கழுவித் தண்ணீரில் போட வேண்டும்.

5. முதல் சந்திப்பில் கேட்டு வாங்க வேண்டியது

முழுமையான ஈறு பரிசோதனை என்றால் மருத்துவர் மில்லிமீட்டர் குறியிட்ட மெல்லிய கருவியால் ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஈறின் ஆழத்தை அளப்பார். 1 முதல் 3 மி.மீ. என்றால் நல்லது. 4 அல்லது அதற்கு மேல் என்றால் கவனிக்க வேண்டும். 6-க்கு மேல் போனால் நோய் முற்றியிருக்கிறது. எலும்பு எவ்வளவு மிச்சம் என்று பார்க்க எக்ஸ்ரே எடுப்பார்கள். கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் எக்ஸ்ரேவுக்கு முன் சொல்லிவிடுங்கள்.

அந்த அளவுகளை எழுதிய தாளின் நகலையும் எக்ஸ்ரே நகலையும் கையோடு கேட்டு வாங்குங்கள். நான் முதலில் போன இடத்தில் அளவுகளை எழுதித் தரவில்லை. வேறு இடத்துக்கு மாறியபோது எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது, அந்தச் செலவும் இரண்டாவது தடவை என் தலையில்தான் விழுந்தது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. சிகிச்சைக்குப் பிறகு முன்னேற்றம் இருக்கிறதா என்று ஒப்பிட உங்களிடம் வேறு ஆதாரம் கிடையாது.

எத்தனை பல்லில் ஆழம் அதிகம், சாதாரண சுத்தம் போதுமா, ஈறுக்குக் கீழே வேரில் இருக்கும் காரையையும் எடுக்கும் ஆழ்ந்த சுத்தம் தேவையா, ஏன் என்று கேளுங்கள். அளக்காமலே ஆழ்ந்த சுத்தம் செய்ய வேண்டும் என்று சொன்னால் இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

6. பணத்தைச் சிகிச்சைக்கு முன் பேசிவிடுங்கள்

தொகை இடத்துக்கு இடம் மாறும். ஆனால் ஏறுவரிசை எங்கேயும் ஏறத்தாழ ஒன்றுதான்: பரிசோதனையும் சாதாரண சுத்தமும் அடியில், அதற்கு மேலே சொத்தையை அடைப்பது, அதற்கும் மேலே வேர் சிகிச்சையும் மேல்உறையும், உச்சியில் பல்லை இழந்தபின் வைக்கும் இம்பிளாண்ட். தள்ளிப்போடும்போது நீங்கள் இந்த வரிசையில் மேலே ஏறிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆழ்ந்த சுத்தத்துக்குப் பல இடங்களில் வாயை நான்கு பகுதியாகப் பிரித்து, பகுதிக்கு இவ்வளவு என்று கணக்கிடுவார்கள். சொல்லும் தொகை ஒரு பகுதிக்கா, முழு வாய்க்கா? எக்ஸ்ரே, மரத்துப்போகும் ஊசி, மறுபரிசோதனை எல்லாம் இதில் சேர்ந்ததா? இதைத் தாளில் எழுதி வாங்குங்கள். பிறகு வரும் பராமரிப்புச் சந்திப்புகளின் கட்டணத்தையும் கேளுங்கள், அது வருடாவருடம் வரும் செலவு.

இன்சூரன்ஸ் இருந்தால் பல் சிகிச்சைக்கு ஆண்டு உச்சவரம்பு எவ்வளவு, காத்திருப்புக் காலம் உண்டா, முன் அனுமதி வேண்டுமா என்று முதலில் விசாரியுங்கள். முன் அனுமதி தேவைப்படும் திட்டத்தில் சிகிச்சையை முடித்துவிட்டுப் பில் அனுப்பினால் பணம் வராமல் போகலாம். கையில் காசு குறைவு என்றால் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளைப் பாருங்கள். மேற்பார்வையோடு மாணவர்கள் செய்வதால் நேரம் அதிகமாகும், கட்டணம் பொதுவாகக் குறைவு.

7. சுத்தம் செய்யும் நாளும் அதற்குப் பின் வரும் வாரங்களும்

சாதாரண சுத்தம் (ஸ்கேலிங்) அரை மணி முதல் ஒரு மணி நேரம். அதிரும் கருவி, தண்ணீர் பீய்ச்சல், கொஞ்சம் கூச்சம், அவ்வளவுதான். ஆழ்ந்த சுத்தத்தில் ஈறை மரக்க வைத்து, ஈறுக்குக் கீழே வேரில் ஒட்டியிருக்கும் காரையை எடுப்பார்கள். பல நேரம் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சந்திப்புகளாகப் பிரிப்பார்கள். மரப்பு போக இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அதுவரை சூடாக எதுவும் வேண்டாம், கன்னத்தைக் கடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

"சுத்தம் செய்தால் பல் ஆடும், இடைவெளி விழும்" என்று சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். எலும்பு ஏற்கெனவே கரைந்திருந்தால் காரையை எடுத்தபின் அந்த இடைவெளி வெளியே தெரிகிறது. அதுவரை காரை அதை அடைத்துக்கொண்டிருந்தது. வீக்கம் வடியும்போது ஈறும் கொஞ்சம் சுருங்கும். குளிர்ந்ததும் சூடானதும் பட்டால் சில நாட்கள், சிலருக்குச் சில வாரங்கள் கூசும். கூச்சத்துக்கான பேஸ்ட் உதவும், தேய்ப்பதை மட்டும் நிறுத்தக் கூடாது.

ஆழ்ந்த சுத்தம் முடிந்தபின் ஈறு இறுக நேரம் வேண்டும். ஆகவே மறு அளவை உடனே எடுக்க மாட்டார்கள். சில வாரங்கள் முதல் மூன்று மாதம்வரை விட்டு மறுபடி அளப்பார்கள். அந்தத் தேதியைச் சுத்தம் முடிந்த அன்றே குறித்துவிடுங்கள், பலரும் ரத்தம் நின்றதும் போகாமல் விட்டுவிடுவது இந்தச் சந்திப்பைத்தான். பழைய தாளை எடுத்துப் போங்கள். 6 இருந்த இடம் 4 ஆகியிருக்கிறதா, 4 இருந்த இடம் 3 ஆகியிருக்கிறதா என்று பல் பல்லாகக் கேளுங்கள். குறையாத இடங்களுக்கு மட்டும் மறுபடி சுத்தமோ ஈறு அறுவை சிகிச்சையோ தேவைப்படலாம்.

அப்புறம், ஈறு நோய் வந்தவர்களுக்கு ஆரம்பத்தில் மூன்று அல்லது நான்கு மாதத்துக்கு ஒரு முறை பராமரிப்புச் சுத்தம். நிலைமை சீரானால் மருத்துவர் இடைவெளியைக் கூட்டுவார். நோய் இல்லாதவர்களுக்கு எவ்வளவு இடைவெளி என்பது அவரவர் ஆபத்தைப் பொறுத்தது. ஆறு மாதம் பலருக்குப் பொருந்தும், சிலருக்கு ஒரு வருடம்கூடப் போதும். குழந்தைகளை முதல் பல் முளைத்ததும், ஒரு வயதுக்குள் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

8. தேதிக்குக் காத்திருக்கக் கூடாத நேரம்

முகமோ தாடையோ வீங்கி, வீக்கம் கழுத்துப் பக்கமோ கண் பக்கமோ பரவினால், காய்ச்சல் வந்தால், வாயைத் திறக்க முடியாமல் போனால் அன்றே போக வேண்டும். விழுங்குவதோ மூச்சு விடுவதோ சிரமமானால் பல் மருத்துவமனையைத் தேடாதீர்கள், நேரே பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். வீட்டில் மிச்சமிருந்த ஆன்டிபயாடிக்கைப் போட்டுக்கொண்டு காத்திருப்பது ஆபத்து. சீழின் மூலத்தை எடுக்காமல் மாத்திரை மட்டும் அதைத் தீர்க்காது. அடிபட்டு நிரந்தரப் பல் வேரோடு விழுந்துவிட்டால் வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து எடுங்கள். அழுக்கிருந்தால் பாலாலோ தண்ணீராலோ சில நொடிகள் மட்டும் அலசி, அதே குழியில் பொருத்த முடிந்தால் பொருத்துங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள், முடிந்தால் அரை மணிக்குள் மருத்துவரிடம் சேர்த்துவிடுங்கள். பால்பல் என்றால் குழியில் திருப்பி வைக்கக் கூடாது, உள்ளே வளரும் நிரந்தரப் பல் பாதிக்கப்படும்.